பழைய புகாட்டியைப் பிரித்துக் கோப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1920களின் பிரெஞ்சுப் பந்தயக் கார் என்று பேச்செடுத்தால், அது சுற்றிச் சுற்றி புகாட்டி டைப் 35-இல்தான் வந்து நிற்கும். அந்தக் காரைப் புதுப்பிப்பது பற்றி நண்பர்கள் கேட்டவை, நானே என்னைக் கேட்டுக்கொண்டவை எல்லாவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். ஸ்பேனர் பிடித்துப் பழகியவர்களும் படிக்கலாம், கார் ஓட்டவே தெரியாதவர்களும் படிக்கலாம்.

டைப் 35 என்ன கார்? அதற்கு ஏன் இவ்வளவு பெயர்?

எட்டோரே புகாட்டி மிலானில் பிறந்த இத்தாலியர். 1909-இல் அல்சாஸ் பகுதியின் மோல்சைம் ஊரில் தொழிற்சாலை தொடங்கினார். அப்போது அது ஜெர்மனி. முதல் உலகப் போர் முடிந்ததும் எல்லைக்கோடு நகர்ந்து, கம்பெனி இருந்த இடத்திலேயே பிரெஞ்சுக் கம்பெனி ஆகிவிட்டது.

டைப் 35 முதலில் களமிறங்கியது 1924 ஆகஸ்ட் 3-ஆம் தேதி, லியோனில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தில். அன்றைக்கு மானம் போயிற்று. டயர்களின் மேல்பட்டை பிய்ந்து பிய்ந்து வந்தது. மிஞ்சிய கார்கள் ஏழாவதாகவும் எட்டாவதாகவும் வந்தன. ஆல்ஃபா ரோமியோ ஜெயித்தது. ஆனால் கோளாறு டயரில்தான், காரில் இல்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. சிசிலி மலைப்பாதைகளில் அப்போது நடந்த தார்கா ஃப்ளோரியோ பந்தயத்தை 1925 முதல் 1929 வரை ஐந்து ஆண்டுகளும் விடாமல் புகாட்டிகளே வென்றன. 1929-இல் முதல் மொனாக்கோ கிராண்ட் பிரீயையும் டைப் 35-இன் ஒரு வகையான 35பி வென்றது.

இன்னொரு காரணமும் உண்டு. மற்ற கம்பெனிகள் தங்கள் பந்தயக் கார்களைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டபோது, புகாட்டி பணம் கொடுத்தவர்களுக்கெல்லாம் விற்றார். செக் நாட்டின் எலிஷ்கா யுன்கோவா அப்படித் தனியாளாக 1928 தார்கா ஃப்ளோரியோவுக்குப் போனவர்தான். தொழிற்சாலை அணிகளோடு மோதி, நடுவில் முன்னிலைக்கே வந்து, கடைசியில் ஐந்தாவதாக முடித்தார். இப்படிப் பல கைகளுக்குப் போனதால்தான் கார்கள் இன்றும் மிஞ்சியிருக்கின்றன. அவற்றின் வரலாறு குழம்பிக் கிடப்பதற்கும் அதுவேதான் காரணம்.

எல்லா டைப் 35-உம் ஒன்றுதானா?

இல்லை. அடிப்படைக் காரில் 1991 சிசி, வரிசையாக எட்டு சிலிண்டர். 35டி-யும் 35பி-யும் 2262 சிசி. 35சி-யிலும் 35பி-யிலும் சூப்பர்சார்ஜர், அதாவது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் கருவி, உண்டு. 35ஏ மலிவுப் பதிப்பு: எளிய கிராங்க் (பிஸ்டன்களின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு), சாதாரணக் கம்பிச் சக்கரம். அன்றைய செயற்கை முத்து வியாபாரி ஒருவரின் பெயரால் அதை 'டெக்லா' என்று கிண்டலடித்தார்கள். எல்லாம் சேர்த்துச் சுமார் 340 கார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே முகம், அதே குதிரை லாட வடிவ ரேடியேட்டர். அதனால்தான் 35ஏ ஒன்றை 35பி-யாக 'வளர்த்து' விற்ற கதைகள் இந்த உலகில் நிறைய.

ஒரு பழைய கார் கிடைத்துவிட்டது. முதல் வேலை என்ன?

கழுவாதீர்கள். முதல் வேலை அதுதான், அதாவது செய்யாமல் இருப்பது.

கொட்டகையில் கிடந்த காரைக் கண்டதும் பைப்பை எடுத்துத் தண்ணீர் அடிக்கத்தான் கை போகும். ஆனால் அந்த அழுக்குக்கு அடியில்தான் பழைய பெயின்ட் இருக்கிறது, பந்தய எண்ணின் நிழல் இருக்கிறது, எந்தத் திருகு எப்போது மாற்றப்பட்டது என்ற தடயம் இருக்கிறது. கோயில் திருப்பணி என்று மணல் வீச்சு அடித்துக் கல்வெட்டு எழுத்துகளை மழுங்கடித்த கதை நமக்குத் தெரியும். காருக்கும் அதே கதிதான் நேரும். முதலில் எல்லாக் கோணத்திலும் படம். பிறகு மெதுவாகப் பிரிப்பது. பிரித்த ஒவ்வொன்றுக்கும் சீட்டு கட்டி, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி வைப்பது. உடைந்த வாஷரைக்கூடத் தூக்கிப் போடக் கூடாது. அது எந்த அளவு, எந்த உலோகம் என்று சொல்ல வேறு சாட்சி இருக்காது.

புகாட்டி தன் போல்ட்டுகளைத் தானே செய்தவர். கடையில் கிடைக்கும் போல்ட்டை மாட்டினால் வேலை நடக்கும். ஆனால் தெரிந்தவர் கண்ணுக்கு அது பட்டுப்புடவையில் போட்ட ஊக்கு மாதிரி தனியாகத் தெரியும்.

எண், எண் என்று எல்லாரும் பேசுகிறார்களே, எந்த எண்?

சேசிஸ் எண், அதாவது காரின் அடிச்சட்டத்துக்கான எண், ஒன்று தகட்டில் இருக்கும். அது மட்டும் போதாது. தகட்டை ஒரு மதிய நேரத்தில் செய்துவிடலாம். இன்ஜினின் அடிக்கூடு, சேசிஸ் குறுக்குச் சட்டம், கியர்பாக்ஸ், முன் ஆக்சில், பின் ஆக்சில் எல்லாவற்றிலும் தொழிற்சாலையில் அடித்த எண்கள் உண்டு. இவை ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா, தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் அசல் சோதனை.

பெரும்பாலும் முழுசாகப் பொருந்தாது. அதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. பந்தயக் கார் என்பது சனிக்கிழமை இன்ஜின் உடைந்தால் ஞாயிற்றுக்கிழமை வேறு இன்ஜினோடு ஓடுகிற பொருள். தொழிற்சாலையே பழைய அணிக் கார்களைப் பிரித்து, பாகங்களைக் கலந்து, வேறு வாடிக்கையாளருக்குக் கொடுத்திருக்கிறது. 'இந்த இன்ஜின் 1930-லேயே மாற்றப்பட்டது, இதோ அதற்கான கடிதம்' என்றால் அது கறை இல்லை, வரலாறு. சிக்கல் வருவது ஒரே காரின் இரண்டு பாகங்களை இரண்டு பேர் வாங்கி, ஒவ்வொருவரும் அதைச் சுற்றி ஒரு முழுக் கார் கட்டிக்கொள்ளும்போதுதான். ஒரே எண்ணுக்கு இரண்டு கார் வந்துவிடும். இரண்டு உரிமையாளரும் நேர்மையானவர்களாகக்கூட இருக்கலாம்.

இங்கிலாந்தில் பிரெஸ்காட் என்ற இடத்தில் புகாட்டி டிரஸ்ட் இருக்கிறது. தொழிற்சாலையின் மூல வரைபடங்களும் பழைய படங்களும் அங்கே உள்ளன. கார் வாங்குவதற்கு முன்பு போக வேண்டிய இடம் அது. வாங்கிய பிறகு போனால் தூக்கம் போய்விடும்.

எல்லாப் பாகமும் இப்போது புதிதாகக் கிடைக்கிறதாமே? அப்புறம் என்ன கஷ்டம்?

கஷ்டமே அதுதான்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு பாகம் கிடைக்காமல் தவித்தார்கள். இன்றைக்கு சிலிண்டர் பிளாக், கிராங்க், சக்கரம், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், சேசிஸ் சட்டம் வரை எல்லாவற்றையும் பழைய வரைபடப்படி செய்து தருகிறார்கள். அர்ஜென்டினாவின் பரானா நகரில் பூர் சாங் என்ற பட்டறை முழுக் காரையே முதலிலிருந்து கடைசி வரை கையால் செய்கிறது. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் நிபுணரும் யோசிப்பார். அதை நகல் என்று சொல்லியே விற்கிறார்கள், அதில் தப்பில்லை. அதை ஓட்டுகிறவர்களைக் கேலி செய்கிறவர்களும் உண்டு. எனக்கு அந்தக் கேலி புரிவதில்லை. நூறு வயதுக் காரைச் சுவரில் மோதுவதைவிட நகலை மோதுவது மேல்.

ஆனால் அசல் காரை வைத்திருப்பவருக்கு இது பெரிய சபலம். தேய்ந்த பழைய பிளாக்கைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும். புதிது வாங்கி மாட்டினால் இந்த வாரமே ஓட்டலாம். இப்படி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் மிஞ்சுவது எண் தகடும் அதை நம்புகிற முதலாளியும்தான். 'புதுப்பித்தல்' என்ற நம் சொல்லிலேயே ஒரு பொறி இருக்கிறது. இங்கே வேலை காரைப் புதிதாக்குவது அல்ல. பழைய இரும்பை எவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போக முடியும் என்று பார்ப்பது.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் இரண்டு விதி. கழற்றிய பழையதைக் காரோடேயே பத்திரப்படுத்த வேண்டும். புதியதில் அது புதியது என்று தெரிகிற மாதிரி, கண்ணை உறுத்தாத அடையாளம் ஒன்றை அடிக்க வேண்டும். பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபீவா 2012-இல் ஏற்றுக்கொண்ட டுரின் சாசனமும் இதைத்தான் சொல்கிறது.

இன்ஜினில் எது ரொம்பக் கடினம்?

கிராங்க் ஷாஃப்ட். கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

சாதாரண இன்ஜினில் கிராங்க் ஒரே துண்டு. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் அடிப்பாகம் இரண்டாகப் பிரியும், கிராங்கைக் கவ்வி போல்ட் போட்டு இறுக்கிவிடலாம். டைப் 35-இல் தலைகீழ். ராட் ஒரே துண்டு, அதற்குள் உருளை பேரிங். அதனால் கிராங்கைத்தான் துண்டு துண்டாகச் செய்து, ராடுகளைக் கோத்துக்கொண்டே சேர்க்க வேண்டும், மாலை கட்டுவது போல. முழுக் கிராங்கையும் ஐந்து இடங்களில் குண்டு பேரிங்கும் உருளை பேரிங்கும் தாங்குகின்றன. உராய்வு குறைவு, அதனால் அந்தக் காலத்திலேயே நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றுக்குப் பக்கத்தில் போக முடிந்தது.

இதற்குக் கொடுக்கும் விலை? ஒரே ஒரு உருளை தேய்ந்தாலும் கிராங்க் முழுவதையும் பிரிக்க வேண்டும். திரும்பக் கோக்கும்போது எட்டு சிலிண்டருக்குமான துண்டுகள் மயிரிழை பிசகாமல் ஒரே அச்சில் வர வேண்டும். பிசகினால் இன்ஜின் அதிர்ந்தே தன்னைத் தின்றுவிடும். இதைச் செய்யத் தெரிந்த கைகள் உலகத்திலேயே கொஞ்சம்தான். இந்தத் தொல்லை வேண்டாம் என்று சாதாரண ஷெல் பேரிங் (உருளை இல்லாத வழுவழு உறை) வைத்த புதுக் கிராங்க் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. அடிக்கடி பந்தயம் ஓட்டுகிறவருக்கு அது நியாயம். பழைய கிராங்கை எண்ணெய் பூசிப் பெட்டியில் வைத்திருந்தால் சரி.

அடுத்த தலைவலி சிலிண்டர் பிளாக். நான்கு நான்காக இரண்டு வார்ப்புகள். சிலிண்டர் ஹெட் தனியாகக் கிடையாது, பிளாக்கோடு சேர்ந்தே வார்த்தது. ஹெட் கேஸ்கெட் (இரண்டுக்கும் நடுவே கசியாமல் வைக்கும் தகடு) போகும் பயமே இல்லை, ஏனென்றால் அப்படி ஒன்று இல்லை. ஆனால் வால்வ் கிரைண்டிங் செய்ய வேண்டுமென்றால் பிளாக்கையே மேலே தூக்கியாக வேண்டும். சிலிண்டருக்கு மூன்று வால்வ், ஆக மொத்தம் இருபத்து நான்கு. பல ஆண்டுகள் தண்ணீர் நின்ற பிளாக்கின் உள்சுவர் துருவில் அப்பளமாக மெலிந்திருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. எக்ஸ்ரே எடுத்தும், அழுத்தத்தில் தண்ணீர் ஏற்றியும் பார்த்துவிட்டுத்தான் போரிங்குக்கு, அதாவது சிலிண்டர் துளையைக் கடைய, அனுப்ப வேண்டும். நேராக லேத்துக்கு அனுப்பி, சுவர் பொத்துக்கொண்டு வந்த பிறகு அழுது பயனில்லை.

இன்னொன்று. இந்த இன்ஜின்களில் பல இணைப்பு முகங்களைக் கையால் சுரண்டிச் சுரண்டி, கேஸ்கெட் இல்லாமலே கசியாத அளவுக்குச் சமமாக்கியிருப்பார்கள். எண்ணெய் கசிகிறதே என்று அங்கே ஒரு கேஸ்கெட்டைச் செருகினால் கசிவு நிற்கும். கூடவே உள்ளே இருக்கும் பல்சக்கரங்களின் இடைவெளியும் மாறிவிடும்.

என்ன ஆயில் ஊற்றுவது?

அந்தக் காலப் பந்தய ஆயில் விளக்கெண்ணெய். உண்மைதான். ஆமணக்கு எண்ணெய் அதிகச் சூட்டிலும் உலோகத்தை விட்டு வழுக்கிப் போகாது. கேஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. பழைய கார் விழாக்களில் வரும் அந்த இனிப்பான புகை வாசனைக்கு அதுதான் காரணம். நம் வீடுகளில் வயிறு கழுவக் கொடுத்ததை அவர்கள் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் கொளுத்தினார்கள்.

தொல்லை என்னவென்றால், நாளாக ஆக அது பிசினாக இறுகும். சாதாரண மினரல் ஆயிலோடு கலக்கவும் கலக்காது. ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறுவதானால் இன்ஜினைப் பிரித்து ஒவ்வொரு குழாயையும் சுத்தம் செய்தாக வேண்டும். மேலோட்டமாக வடித்துவிட்டு மாற்றினால் பிசின் கட்டி பெயர்ந்து, கிராங்குக்கு எண்ணெய் போகும் துளையை அடைக்கும். அதற்கப்புறம் மேலே சொன்ன கிராங்க் வேலையை முதலிலிருந்து தொடங்கலாம்.

சக்கரமும் ஆக்சிலும் அசலே போட்டு ஓட்டலாமா?

காட்சிக்குத் தாராளமாக. வேகத்துக்கு, சோதித்த பிறகுதான்.

எட்டுத் தட்டையான ஆரங்கள் கொண்ட அலுமினியச் சக்கரம் டைப் 35-இன் கையெழுத்து. பிரேக் டிரம்மும் சக்கரத்தோடு சேர்ந்த ஒரே வார்ப்பு. சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் கட்டை கண்முன் வந்துவிடும். அருமையான யோசனை. ஆனால் நூறு வயது அலுமினியத்துக்குள் விரிசல் எப்போது ஓடும் என்று சொல்ல முடியாது. நிறச் சாயம் ஊற வைத்து விரிசல் பார்ப்பது, எக்ஸ்ரே எடுப்பது எல்லாம் செய்தாலும், வேகமாக ஓட்டுகிற பலர் அசல் சக்கரங்களைச் சுவரில் மாட்டிவிட்டுப் புது வார்ப்பில்தான் ஓட்டுகிறார்கள். சரியான முடிவு.

முன் ஆக்சில் இன்னும் அழகு. நடுவில் குழலாக இருக்கும், எடை குறைவு. மற்றவர்கள் ஸ்பிரிங் பட்டைகளை ஆக்சிலோடு போல்ட் போட்டுக் கட்டியபோது, புகாட்டி ஆக்சிலிலேயே சதுரத் துளை விட்டு அதற்குள் ஸ்பிரிங்கை நுழைத்தார். பாலிஷ் செய்த ஆக்சிலைப் பார்த்தால் கொல்லன் வேலையா தட்டான் வேலையா என்று சந்தேகம் வரும். இது வளைந்திருந்தால் சூடாக்கி நிமிர்த்தும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். காந்தத் தூள் போட்டு விரிசல் பார்க்காமல் ஸ்டியரிங் பக்கத்து இரும்பு எதையும் திரும்ப மாட்டக் கூடாது. இங்கே மட்டும் நான் பழமைவாதி இல்லை. சந்தேகம் வந்தால் மாற்றிவிட வேண்டியதுதான்.

பிரேக் முழுக்கக் கம்பிவடம்தான். நான்கு சக்கரமும் ஒரே அளவு பிடிக்கும்படி அதைச் சரிசெய்வது பொறுமை வேலை. தன் கார்கள் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை, நிற்பதற்காக அல்ல என்று எட்டோரே சொன்னதாக ஒரு கதை உண்டு. கதையாக இருந்தாலும், முதல் வளைவுக்கு முன்னால் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

டிங்கரிங் வேலை எப்படி?

பாடி மெல்லிய அலுமினியத் தகடு. கார் முழுவதுமே சுமார் 750 கிலோதான். மரச்சுத்தியலும் மணல் மூட்டையும் தெரிந்த கை இருந்தால் ஒடுக்கெடுப்பது பெரிய வித்தையில்லை. நேரம் தின்பது வேறு இடத்தில்: திருகுகளின் தலையில் துளையிட்டு, மெல்லிய கம்பியை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பூத்தொடுப்பது போலக் கோத்து முறுக்கியிருப்பார்கள், அதிர்வில் கழன்றுவிடாமல் இருக்க. கம்பி எந்தப் பக்கம் இழுக்கிறதோ அது திருகை இறுக்கும் திசையாக இருக்க வேண்டும். அழகுக்கு என்று நினைத்து மாற்றிச் சுற்றிய காரைப் படங்களில் பார்த்திருக்கிறேன். டேஷ்போர்டில் மீன் செதில் போல வட்ட வட்டமாகத் தெரியும் தேய்ப்பும் இடைவெளி பிசகாமல் கையால் செய்வதுதான்.

எந்த நீலம்?

எல்லாரும் கேட்கும் கேள்வி, ஒற்றைப் பதில் இல்லாத கேள்வி. பிரான்சின் பந்தய நிறம் நீலம், இங்கிலாந்துக்குப் பச்சை, இத்தாலிக்குச் சிவப்பு. ஆனால் 'புகாட்டி நீலம்' என்று ஒரே ஒரு டப்பா கிடையாது. ஆண்டுக்கு ஆண்டு வெளிர்ந்தும் அடர்ந்தும் இருந்திருக்கிறது. போதாக்குறைக்கு, 1929-இல் மொனாக்கோவை வென்ற ஓட்டுநர் வில்லியம்ஸின் கார் பச்சை. உங்கள் காரின் நிறத்தை உங்கள் காரிடமே கேளுங்கள். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்திலும், ஏதாவது மறைவான மூலையிலும் நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்தால், மரத்தின் ஆண்டு வளையம் போலப் பெயின்ட் அடுக்குகள் தெரியும். அடியில் இருப்பது தொழிற்சாலை நிறம். ஆனால் அது பந்தயம் ஜெயித்தபோது இருந்தது நடு அடுக்காகவும் இருக்கலாம். எந்த ஆண்டுக்குத் திரும்புவது என்பதை முதலாளிதான் முடிவு செய்ய வேண்டும்.

ஒன்றுமே செய்யாமல் அப்படியே விட்டால்?

இருபது வருடம் முன்பு இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். இன்று காற்று மாறிவிட்டது.

சுவிட்சர்லாந்துப் பக்கம் மஜ்ஜோரே ஏரியில் பிரெசியா என்ற பழைய புகாட்டி மாடல் ஒன்று மூழ்கிக் கிடந்தது. சுங்கவரி கட்டாத கார் என்று 1930களில் சங்கிலி கட்டி ஏரிக்குள் இறக்கினார்களாம். சங்கிலி அரித்து அறுந்து, கார் 53 மீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டது. 2009 ஜூலையில் அஸ்கோனா ஊர் முக்குளிப்போர் அதை மேலே கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் கரைந்து எலும்பாகிவிட்டது. 2010-இல் பாரிஸ் ஏலத்தில் 2,60,500 யூரோவுக்குப் போனது. வாங்கிய அமெரிக்கச் சேகரிப்பாளர் பீட்டர் முல்லின் ஒரு போல்ட்டைக்கூட மாற்றாமல், துருவோடு காட்சிக்கு வைத்தார். அதைத் தொட்டிருந்தால் ஆயிரத்தோடு ஆயிரத்தொன்றாக இன்னொரு நீலக் காராக ஆகியிருக்கும்.

இன்னொரு உதாரணம், ஓடுகிற கார். 1934 புகாட்டி டைப் 59. தொழிற்சாலை அணியில் பெல்ஜியம் கிராண்ட் பிரீயை வென்றது. பிறகு பெல்ஜிய அரசர் மூன்றாம் லியோபோல்டிடம் போய், கறுப்பில் மஞ்சள் பட்டையோடு மாறியது. வெடித்த பெயின்டும் தேய்ந்த தோலுமாக அப்படியே 2020-இல் லண்டனில் 95,35,000 பவுண்டுக்கு விற்றது. 2024-இல் அமெரிக்காவின் பெபிள் பீச் பழைய கார் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியது. அங்கே புதுப்பிக்காத கார் ஒன்று அந்தப் பரிசை வாங்கியது அதுதான் முதல் முறை. அதுவரை கண்ணாடி போல் மின்னுகிற கார்களுக்கே போய்க்கொண்டிருந்த பரிசு.

பிரெஞ்சுக்காரர்கள் இப்படிப்பட்ட கார்களை 'தன் சாற்றிலேயே இருக்கிறது' என்பார்கள். சமையலில் இருந்து வந்த பேச்சு.

ஆனால் எல்லாருக்கும் இது பொருந்தாது. 1960களிலேயே ஒருமுறை பெயின்ட் அடித்து, 1980களில் இன்னொரு முறை அடித்த காரை 'அசல் நிலை' என்று வைத்துக்கொண்டு துருவைக் கும்பிடுவதில் அர்த்தமில்லை. அதைப் பிரித்து வேலை பார்க்கலாம்.

எவ்வளவு காலம், எவ்வளவு பணம்?

ஆண்டுக்கணக்கு. பணம், முதலில் போட்ட கணக்கை நண்பரிடம் காட்டாதீர்கள்.

வேலை முடிந்தது. முதல் முறை எப்படிக் கிளப்புவது?

சாவி கிடையாது. முதலில் எண்ணெயைச் சூடாக்கி ஊற்றுகிறவர்கள் உண்டு. உருளை பேரிங்குகளுக்குக் குளிர்ந்த கெட்டி எண்ணெய் ஆகாது. டேஷ்போர்டில் மெக்கானிக் பக்கம் ஒரு கைப்பம்பு இருக்கும். அதை அடித்தால் பெட்ரோல் டாங்குக்குள் காற்றழுத்தம் ஏறும், பெட்ரோல் கார்புரேட்டருக்கு வரும். பந்தயங்களில் மெக்கானிக் கூட உட்காரும் வழக்கம் 1925-லேயே நின்றுபோனாலும் அந்தக் குறுகலான இரண்டாவது இருக்கை மிஞ்சியது. இப்போது நண்பர் யாராவது உட்கார்ந்து பம்பு அடிப்பார். கேம் ஷாஃப்டின் பின்முனையில், டேஷ்போர்டுக்குள்ளேயே மேக்னட்டோ (பிளக்குகளுக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் கருவி) இருக்கிறது. அதை ஆன் செய்துவிட்டு, முன்னால் போய் ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்து உதைத்தால் எலும்பு போகும்.

சூப்பர்சார்ஜர் உள்ள கார் என்றால் சூடாக்க ஒரு செட் பிளக், ஓட்ட வேறு செட் பிளக். எட்டையும் கழற்றி மாட்ட வேண்டும், இன்ஜின் கொதிக்கிறபோது. பத்து நிமிடம் மெதுவாக ஓட விட்டு, நிறுத்தி, எல்லா நட்டையும் மறுபடி பார்த்துவிட்டு, அப்புறம்தான் கேட்டுக்கு வெளியே.

அந்தச் சத்தத்தை ஆங்கிலேயர்கள் காலிகோ துணியைக் கிழிப்பது போல என்று எழுதுவார்கள். காலிகோ என்பதே கோழிக்கோட்டின் பெயரிலிருந்து வந்த சொல். நம் கடைகளில் காடாத் துணி என்று கேட்டால் கொடுப்பார்கள். இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அதுதான்.